பலகை உண்டு, படுக்கை உண்டு, ஆள் எங்கே?

தோழா!

நாடகம் எழுதிப் பழகிய கை இது. ஆகவே ஒரு காட்சியோடு தொடங்குகிறேன், பொறுத்துக்கொள்.

இடம்: நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளிக் கிடக்கும் ஒரு சிற்றூர். நேரம்: நள்ளிரவு கழிந்து ஒரு மணி. மேடையின் நடுவே ஒரு கட்டடம். அடித்த சுண்ணாம்பின் வெண்மை இன்னும் மங்கவில்லை. முகப்பிலே கல்வெட்டு, கல்வெட்டிலே திறந்து வைத்தவர் பெயர், தலைமை தாங்கியவர் பெயர், முன்னிலை வகித்தவர் பெயர், வாழ்த்துரைத்தவர் பெயர். உள்ளே ஆறு படுக்கைகள், விரிப்புக் கலையாமல். மூலையிலே குளிர்ப்பெட்டி, அதற்குள் மருந்து. மோட்டார் சைக்கிளிலே, இருவருக்கு நடுவே தாங்கிப் பிடித்தபடி, ஓர் உழவனைக் கொண்டுவருகிறார்கள். தரையிலே பாய் விரித்து உறங்கியவன். கடித்தது எது என்று தெரியாது. பெரிய வலியும் இல்லை. ஆனால் இமைகள் தாமாகவே மூடிக்கொள்கின்றன, பேச்சுக் குழறுகிறது. காவலாள் எழுந்து வருகிறான்.

“டாக்டர் இருக்கிறாரா ஐயா?”

“காலை ஒன்பது மணிக்கு வருவார்.”

“நர்சம்மா?”

“மூன்று பேர் இருக்க வேண்டிய இடம். இருப்பது ஒருவர். பகல் முறை பார்த்துவிட்டுப் போய்விட்டார்.”

“மருந்தாவது இருக்கிறதா?”

“மருந்து இருக்கிறது. போடத்தான் ஆள் இல்லை.”

திரை விழுகிறது, தோழா! கைதட்ட மனம் வரவில்லை அல்லவா? கற்பனைக் காட்சிதான். ஆனால் இதிலே வரும் ஒவ்வொரு பொருளும் உண்மையானது. எந்த ஊரிலே நடந்தது என்று நீயே உன் மனத்திலே ஓர் ஊரின் பெயரை எழுதிக்கொண்டிருப்பாய். நாட்டுப்புற மருத்துவத்தின் நோய் முழுவதும் அந்தக் காவலாளின் கடைசி வாக்கியத்திலே அடங்கிக் கிடக்கிறது. அதை விரித்துச் சொல்வதே இன்றைய என் வேலை.

கட்டுவிரியன் கடி அப்படிப்பட்டது. பெரும்பாலும் இரவிலே, தரையிலே உறங்குகிறவரைத்தான் அது தீண்டும். வீக்கம் இராது, வலியும் மிகுதியாக இராது. அதன் நஞ்சு, நரம்பு தசைக்கு இடும் கட்டளையை இடையிலே மறித்துவிடும். முதலிலே இமை தொங்கும், பிறகு நாக்குழறும், கடைசியிலே மூச்சுவிடும் தசைகள் ஓய்ந்துபோகும். கண்ணாடிவிரியனின் வழி வேறு: அது இரத்தத்தை உறையவொட்டாமல் செய்யும், சிறுநீரகத்தைப் பாழாக்கும். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் சேர்த்து ஒரே முறிவு மருந்து நம் நாட்டிலே உண்டு. நஞ்சைச் சிறுகச் சிறுகக் குதிரையின் உடலிலே ஏற்றி, அதன் குருதியிலே விளையும் எதிர்ப்புச் சத்தைப் பிரித்தெடுத்து அந்த மருந்தைச் செய்கிறார்கள்.

அந்த நஞ்சைத் திரட்டித் தருகிறவர்களுள் முன்னிற்பவர் யார், தெரியுமா? மாமல்லபுரத்திற்கு அருகே வடநெம்மேலியிலே 1978-இல் தொடங்கப்பட்ட பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தைச் சேர்ந்த நம் இருளர் மக்கள்! வரப்பிலே வளை தேடி, வெறுங்கையாலே பாம்பைப் பிடித்து, நஞ்சை எடுத்துக்கொண்டு மீண்டும் காட்டிலே விட்டுவிடும் கலை அவர்களுடையது. ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டவன் தன் உயிரைப் பணயம் வைத்து எடுத்துக் கொடுத்த நஞ்சு, தொழிற்சாலைக்குப் போய், மருந்தாகி, புட்டியிலே அடைபட்டு, குளிர்ப்பெட்டியிலே ஏறி, ஊரின் வாயில்வரை வந்துவிட்டது. அங்கிருந்து நோயாளியின் நரம்புக்கு ஒரு முழத் தொலைவு. அந்த ஒரு முழத்தைக் கடக்கத்தான் ஆள் இல்லை!

“ஊசிதானே, யாராவது போட்டுவிட்டால் என்ன?” என்று கேட்கிறாயா? அங்கேதான் இருக்கிறது நுட்பம். அந்த மருந்தே சிலருடைய உடலுக்கு ஒவ்வாமல் போய், இரத்த அழுத்தம் சரிந்து, மூச்சு முட்டும். அப்படி நேர்ந்தால் அந்த நொடியிலேயே அட்ரினலின் செலுத்தத் தெரிந்தவர் பக்கத்திலே நிற்கவேண்டும். மூச்சு ஓய்ந்தால் காற்றுப்பையை அழுத்தி மூச்சூட்டியபடியே பெரிய மருத்துவமனைவரை கொண்டுசேர்க்கும் கை வேண்டும். மணிக்கணக்கிலே நாடியைப் பார்த்துக்கொண்டு விழித்திருக்கும் கண் வேண்டும். மருந்து மட்டும் மருத்துவம் அன்று, தோழா! கட்டடம் மட்டும் மருத்துவமனை அன்று! கற்றறிந்த ஒருவர் விழித்திருப்பதற்குப் பெயர்தான் மருத்துவம்.

2000 முதல் 2019 வரையிலான 20 ஆண்டுகளில் இந்தியாவிலே பாம்புக்கடியால் மாண்டவர் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் என்று ஆராய்ந்தோர் மதிப்பிட்டிருக்கிறார்கள். ஆண்டொன்றுக்குச் சராசரி 58,000. மாண்டவரிலே மிகப் பெரும்பாலோர் சிற்றூரார்; மழைக்காலத்திலே, வயல் வேலை நடக்கும் மாதங்களிலே மாண்டவர்கள். ஏட்டிலே ‘பாம்பு கடித்து மரணம்’ என்று எழுதுகிறோம். அந்தக் கணக்கிலே பெரும்பங்கைத் ‘தொலைவு கடித்து மரணம்’ என்றல்லவா எழுதவேண்டும்?

தொலைவு என்றவுடன் கிலோமீட்டர்க் கணக்கை மட்டும் எண்ணிவிடாதே. கிலோமீட்டரும் உண்டு, மறுக்கவில்லை. 2023-ஆம் ஆண்டு மே மாதம் வேலூர் மாவட்டத்து அல்லேரி மலையிலே நடந்ததை நாடே படித்தது. பாம்பு தீண்டிய ஒன்றரை வயதுக் குழந்தை, ஒழுங்கான சாலையில்லாத மலையிலிருந்து இறக்கிக் கொண்டுவரப்படும் வழியிலேயே இறந்தது. பிணக்கூறு முடிந்து திரும்பியபோதும் ஊர்தி பாதி வழியோடு நின்றுவிட, குழந்தையின் உடலைத் தாயே சுமந்துகொண்டு மலையேறினாள். உயிரோடு இறங்கியபோதும் சாலை இல்லை. உடலாக ஏறியபோதும் சாலை இல்லை. இது கண்ணுக்குத் தெரியும் தொலைவு.

கண்ணுக்குத் தெரியாத தொலைவும் ஒன்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே, திண்டிவனத்திலே ஓர் இரவு. மருத்துவர் ஜான் ஸ்கடரின் வீட்டுக் கதவை மூவர், ஒருவர் பின் ஒருவராக வந்து தட்டினர். மூவரின் மனைவியரும் பேறுகால வேதனையிலே. டாக்டர் வீட்டிலேயே இருக்கிறார், வரவும் தயார். ஆனால் ஆண் மருத்துவர் தங்கள் வீட்டுப் பெண்ணைத் தொடக்கூடாது என்று மூவரும் மறுத்துத் திரும்பினர். பொழுது விடிவதற்குள் மூன்று பெண்களும் மாண்டனர். அங்கே கிலோமீட்டர் இல்லை, தோழா! மருத்துவர் கூப்பிடு தொலைவிலே இருந்தார். குறுக்கே நின்றது வழக்கம் என்னும் மலை. அந்த இரவைக் கண்ட மகள் ஐடா ஸ்கடர் அமெரிக்கா சென்று மருத்துவம் கற்று, திரும்பி வந்து 1900-இல் வேலூரிலே ஒற்றைப் படுக்கையோடு தொடங்கியதுதான் பிற்காலத்துப் பெரிய மருத்துவமனை. அவர் அதோடு நிற்கவில்லை. 1909-இல் செவிலியர் பள்ளி. 1918-இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. படுக்கையைப் பெருக்குவதற்கு முன்னும் பின்னும் அவர் பெருக்கியது ஆட்களை! அந்த மண்ணின் பெண்களை!

இன்னொரு தொலைவு, கூலித் தொலைவு. சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் இன்று பட்டணத்தாரின் நோய்கள் அல்ல. களை பறிக்கும் கையிலும், செங்கல் சுமக்கும் தலையிலும் ஏறிவிட்டன. இவை ஒரு நாள் ஊசியோடு ஓடிப்போகிறவையா? உயிருள்ளவரை நாள்தோறும் மாத்திரை. மாத்திரை விலையில்லாமல்தான் தரப்படுகிறது. ஆனால் அதை வாங்க, மாதம் ஒரு நாள் பேருந்துக்குக் காத்திருந்து, வரிசையிலே நின்று, திரும்பி வந்தால் அன்றைய கூலி போயிற்று. விலையில்லா மாத்திரைக்கு அவள் கொடுக்கும் விலை ஒரு நாள் கூலி! இரண்டு மாதம் வாங்குவாள். மூன்றாம் மாதம் நடவு வரும், விட்டுவிடுவாள். ஐந்தாம் ஆண்டு கால் புண் ஆறாது. பத்தாம் ஆண்டு சிறுநீரகம் பழுதாகும். அப்போது பட்டணத்துப் பெரிய மருத்துவமனை, காப்பீட்டு அட்டை, கையெழுத்து. தொடக்கத்திலே ஒரு மாத்திரையை வீட்டு வாசலிலே கொடுக்கத் தவறியதற்கு, முடிவிலே குடும்பமே கொடுக்கும் தண்டம் அது.

நாடு இதை அறியாமல் இருந்ததா? அறிந்திருந்தது. 1946-இல் போர் குழு தன் அறிக்கையைத் தந்தது. ‘போர்’ என்றவுடன் படை என்று எண்ணாதே. குழுத் தலைவர் சர் ஜோசப் போரின் பெயர் அது. கொடுக்கப் பணம் இல்லை என்ற காரணத்தால் எவருக்கும் மருத்துவம் கிட்டாமல் போகலாகாது என்பதை அடிப்படையாக வைத்து, முதற்கட்டமாக 40,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்று திட்டமிட்டுத் தந்தது. 1952-இல் சமுதாய நலத் திட்டத்தோடு அந்த நிலையங்கள் எழத் தொடங்கின. பிறகு வந்த அளவுகோல்: சமவெளியிலே 30,000 பேருக்கு ஒரு நிலையம், மலையிலே 20,000 பேருக்கு ஒன்று, அதன்கீழ் 5,000 பேருக்கு, மலையிலே 3,000 பேருக்கு, ஒரு துணை சுகாதார நிலையம். ஏட்டளவிலே குறையொன்றும் இல்லை.

தமிழகம் இந்த ஏட்டை வெறும் ஏடாக விட்டுவிடவில்லை என்பதையும் நெஞ்சு நிமிர்த்திச் சொல்லவேண்டும். இந்தியாவிலேயே முதல் பொதுச் சுகாதாரச் சட்டம் 1939-இல் இங்கேதான் பிறந்தது. அந்தப் பழைய சட்டத்தின் கீழேதான் 2024-இல் பாம்புக்கடியும் அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டியதாக ஆக்கப்பட்டது. 1994-இல் மருத்துவப் பணிகள் கழகம் அமைத்து, மருந்தை மொத்தமாக வாங்கி, மாவட்டக் கிடங்குகளிலே சேர்த்து, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் கொடுத்து, அவரவர் தேவைக்கு ஏற்ப எடுத்துச் செல்லும் முறையை இந்த மாநிலம் கண்டது. மற்ற மாநிலங்கள் பார்த்துக் கற்றன. 2008-இல் 108 ஊர்தி வந்தது. பேறுகால உதவிக்கு, புதுக்கோட்டையிலே பிறந்து 1912-இல் மருத்துவப் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டியின் பெயரைச் சூட்டினோம். விளைவு? 2018-20 கணக்கின்படி, ஓர் இலட்சம் குழந்தைப் பேறுகளுக்கு இந்தியாவிலே மாண்ட தாய்மார் 97, தமிழகத்திலே 54. 2020-இல் ஆயிரம் பச்சிளங் குழந்தைகளிலே ஓராண்டு நிறையுமுன் மாண்டவை இந்தியாவிலே 28, தமிழகத்திலே 13.

இந்த எண்கள் எப்படி இறங்கின என்று கேள். கல்வெட்டுகளால் இறங்கவில்லை. ஆரம்ப சுகாதார நிலையங்களிலே மூன்று செவிலியரை அமர்த்தி, முறை வைத்து, இரவும் பகலும் விளக்கு எரியச் செய்ததால் இறங்கின. வலி எடுத்த பெண் எந்த நேரத்திலே வந்தாலும் கதவு திறக்கும் என்ற நம்பிக்கை பிறந்ததால், பேறு வீட்டை விட்டு மருத்துவமனைக்கு வந்தது. ஆள் இருந்தார், ஆகவே உயிர் இருந்தது. இது நாமே நிறுவிக்காட்டிய பாடம். நாமே நிறுவிய பாடத்தை நாமே மறக்கலாமா?

கிராம சுகாதார செவிலியரை நீ அறிவாய். உன் தெருவிலே பை தொங்க நடந்துபோகிறவர். ஐயாயிரம் பேர் அவர் பொறுப்பு. வீட்டுக்கு நான்கு பேர் என்று வைத்தால் 1,250 வீடுகள். நாளொன்றுக்கு 20 வீடு ஏறி இறங்கினாலும் ஒரு சுற்று முடிய 63 வேலை நாள். இதற்கிடையே கருவுற்றவர் பதிவு, இரும்புச்சத்து மாத்திரை, தடுப்பூசி, பிறந்த குழந்தையின் எடை, குடும்ப நலம், ஏடுகள், ஏடுகளோடு இப்போது கணினிப் பதிவு. இத்தனையும் ஒருவரே. அவர் பணியிடம் காலியானால், பக்கத்து ஊரின் செவிலியர் தலையிலே இன்னோர் ஐயாயிரம் பேர்! தொகுப்பூதியத்திலே அமர்த்தப்பட்ட செவிலியர்கள், பணியை நிலையாக்குங்கள் என்று கேட்டு 2017 நவம்பரிலே சென்னையிலே திரண்டதை ஏடுகள் எழுதின. இரவெல்லாம் பிறர் உயிருக்குக் காவல் இருக்கிறவருக்கு, நாளைய வேலைக்கு உறுதி இல்லை என்பது எந்த ஊர் நியாயம்?

“டாக்டர்கள் கிராமத்துக்கு வர மறுக்கிறார்கள், பட்டணத்துச் சுகம் கண்டவர்கள்” என்று மேடையிலே முழங்குவது எளிது. நானும் மேடைக்காரன்தான்; கைதட்டு எங்கே கிடைக்கும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் கைதட்டு மருந்தாகாது. இருபத்தைந்து வயது இளைஞன் ஒருவன் அந்தக் கட்டடத்துக்கு வருகிறான். தங்கும் விடுதியின் கூரை ஒழுகுகிறது, அல்லது விடுதியே இல்லை. மனைவிக்கு வேலை வேறு ஊரிலே. குழந்தைக்குப் பள்ளி தொலைவிலே. சந்தேகம் கேட்க மூத்த மருத்துவர் பக்கத்திலே இல்லை. காலையிலே நீண்ட வரிசை, மாலையிலே அறிக்கை. மேற்படிப்புக்குப் படிக்க நேரம் இல்லை. அவனோடு படித்தவர்களோ பட்டணத்திலே பயிற்சி வகுப்பிலே அமர்ந்திருக்கிறார்கள். நோயாளி ஒருவர் இறந்துவிட்டால் கண்ணாடிகள் நொறுங்குகின்றன. மருத்துவரையும் செவிலியரையும் தாக்குவதைத் தடுக்க 2008-இல் சட்டமே இயற்றவேண்டி வந்தது. இப்படிப்பட்ட இடத்திலே அவன் நிற்கவேண்டுமானால் நிற்பதற்கு ஒரு காரணம் வேண்டாமா?

அந்தக் காரணத்தைத் தமிழகம் ஒரு காலத்திலேயே கண்டுபிடித்தது. சிற்றூரிலே பணியாற்று, பட்டமேற்படிப்பு இடங்களிலே பாதி உன்னைப் போன்ற அரசு மருத்துவருக்கு என்று ஒதுக்கியது. போனவன் படித்து, மகப்பேற்று மருத்துவராக, மயக்க மருத்துவராக, குழந்தை மருத்துவராகத் திரும்பி வந்தான். வட்டத் தலைநகர் மருத்துவமனைகளிலே நள்ளிரவிலே அறுவை செய்யும் கைகள் அப்படித்தான் விளைந்தன. இடையிலே, மைய விதிகளின் பெயரால் அந்த ஏணி பறிக்கப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்று, 2020 ஆகஸ்ட் 31-இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, அப்படி ஒதுக்க மாநிலங்களுக்கு உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. சட்டத்தின் நுணுக்கம் வழக்கறிஞருக்கு. அதன் சாரம் உனக்கும் எனக்கும்: ஏணியை எடுத்துவிட்டால் கிணற்றிலே இறங்க எவன் வருவான்?

ஏணியின் முதற்படி இன்னும் கீழே இருக்கிறது, தோழா. மருத்துவக் கல்லூரியின் வாசலிலே. உள்ளே நுழைகிறவர் யார்? சிற்றூர்ப் பின்னணியிலிருந்து வரும் மாணவர்களைத் தேடிச் சேர்த்தால், அவர்கள் சிற்றூர்ப் பணியிலே நிலைப்பது மிகுதி என்று உலக சுகாதார நிறுவனமே 2010-இல் வழிகாட்டியது. 2021-இல் மறுபடியும் வலியுறுத்தியது. இங்கே 2006-இல் சட்டம் இயற்றி நுழைவுத் தேர்வை நீக்கினோம். 2017-இலே ‘நீட்’ வந்து நின்றது. ஆண்டுக்கணக்கிலே பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்ட முடிந்தவனுக்கும், ஆடு மேய்த்துவிட்டு அரசுப் பள்ளிக்குப் போனவனுக்கும் ஒரே கோடு போட்டு ஓடச்சொன்னது. 2020-இல் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்த பிறகே அந்தக் கதவு கொஞ்சம் திறந்தது. கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டு வந்தவன் நான். மதிப்பெண்ணின் மேல் எனக்குப் பகையும் இல்லை, பக்தியும் இல்லை. நான் கேட்பது ஒன்றுதான்: கட்டுவிரியனைக் கண்ணால் கண்டவன், பாயிலே படுத்து உறங்கியவன், கூலி போய்விடும் என்று தாய் மாத்திரையை நிறுத்தியதைப் பார்த்து வளர்ந்தவன்—அவன் மருத்துவனானால் அந்த ஊரின் நோய் அவனுக்கு நூலைப் பார்த்தா தெரியவேண்டும்?

ஊரிலிருந்து எழுந்த ஆள் என்ன செய்ய முடியும் என்பதற்குத் தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவே சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கைப் பார். 1993-இலே ரெஜி ஜார்ஜ், லலிதா என்ற மருத்துவத் தம்பதியர் அங்கே சென்றபோது, பிறக்கும் ஆயிரம் குழந்தைகளிலே ஏறத்தாழ 150 ஓராண்டைக் காண்பதில்லை. அறுவை மருத்துவம் வேண்டுமென்றால் நூறு கிலோமீட்டருக்கு மேல் போகவேண்டும். கூரைக் குடிசையிலே தொடங்கினார்கள். பட்டணத்திலிருந்து செவிலியர் வருவார் என்று காத்திருந்தார்களா? இல்லை. அந்த மலையின் பழங்குடிப் பெண்களையே தேர்ந்து, கற்பித்து, ஊசி போடவும் பேறு பார்க்கவும் அறுவைக்கு உடன் நிற்கவும் பழக்கினார்கள். குழந்தைச் சாவு பெருமளவு குறைந்தது. மகாராட்டிரத்துக் கட்சிரோலியிலே அபய் பங், ராணி பங் இணையர், சில வகுப்புகளே படித்த ஊர்ப் பெண்களுக்குப் பச்சிளங் குழந்தையின் நோயறிந்து வீட்டிலேயே மருத்துவம் செய்யக் கற்பித்தனர். 39 ஊர்களிலே பிறந்த ஒரு மாதத்துக்குள் நேரும் சாவு 62 விழுக்காடு குறைந்தது. 1999-இல் அந்த முடிவு உலக மருத்துவ ஏட்டிலே வெளிவந்தது. பெரிய பட்டம் அல்ல, தோழா. பக்கத்து வீட்டிலே பயின்ற கை!

2021 ஆகஸ்ட் 5-ஆம் நாள் கிருட்டிணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியிலே தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம், அந்தக் கூலித் தொலைவைச் சுருக்க வந்தது. சர்க்கரைக்கும் அழுத்தத்துக்கும் உரிய மாத்திரை வீட்டு வாசலுக்கே. கொண்டுவருகிறவர் அந்தப் பகுதியின் பெண். கருத்து சரியானது. ஆனால் அந்தப் பெண்ணுக்குப் பெயர் ‘தன்னார்வலர்’. கிடைப்பது ஊதியம் அல்ல, ஊக்கத்தொகை. 2005 முதல் நாடெங்கும் அமர்த்தப்பட்ட ஆஷா பணியாளர்கள் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர். அவர்களுக்கும் அதே நிலை. 2022-இல் உலக சுகாதார நிறுவனம் அவர்களுக்கு விருது வழங்கிப் பாராட்டியது. நாடு மகிழ்ந்தது; தலைவர்கள் வாழ்த்தினர். வாழ்த்துரை வந்தது, ஊதிய ஆணை வரவில்லை! உழைப்பு முழுநேரம், பெயர் தொண்டு. பெண்ணின் உழைப்பை ‘தொண்டு’ என்று பெயரிட்டு மலிவாக வாங்குவது பழைய வழக்கம். அதை அரசாங்க ஏட்டிலே ஏற்றினால் சமூக நீதி ஆகிவிடுமா?

இதுவரை அரசைப் பற்றிப் பேசினேன். இனி உன்னைப் பற்றி.

நம் தோழர்கள் இலவச மருத்துவ முகாம் நடத்துகிறார்கள். தோரணம், ஒலிபெருக்கி, சுவரொட்டி, மாலை, படம். நல்ல நோக்கம், குறை சொல்லவில்லை. ஆனால் முகாம் ஒரு நாள். நோய் 365 நாள். முகாமிலே ‘உனக்குச் சர்க்கரை இருக்கிறது’ என்று சொல்லி ஒரு வார மாத்திரை கொடுத்து அனுப்பினோமே, எட்டாம் நாள் அவள் எங்கே போனாள் என்று கேட்டோமா? முகாமிலே கண்ட பெயர்களை மறுநாளே செவிலியரின் ஏட்டிலே சேர்த்தால் அது மருத்துவம். சேர்க்காவிட்டால் அது படம் எடுப்பு.

அடுத்தது கசப்பானது, ஆனால் மருந்து கசக்கும். பணியிட மாற்றம் வேண்டி ஒரு மருத்துவர் வருகிறார், ஒரு செவிலியர் வருகிறார். உள்ளூர்ப் பெரியவரைப் பிடிக்கிறார். அவர் உன்னைப் பிடிக்கிறார். நீ மாவட்டத்தைப் பிடிக்கிறாய். பரிந்துரைக் கடிதம் போகிறது, ஆணை வருகிறது. நீ ஒருவருக்கு நன்மை செய்தாய். எங்கோ ஒரு மலையடிவாரத்திலே ஒரு கட்டடத்தின் விளக்கு அணைந்தது. அது உனக்குத் தெரியாது. ஏனெனில் விளக்கணைந்த ஊர்க்காரனுக்கு உன் வீட்டு வாசல் தெரியாது. மாற்றல் கேட்பவரின் துயரம் உண்மையாக இருக்கலாம். நோயுற்ற தாய் இருக்கலாம். அதற்கு வெளிப்படையான கலந்தாய்வு இருக்கிறது, விதி இருக்கிறது, வரிசை இருக்கிறது. வரிசையை உடைக்கும் கடிதம் எந்தக் கட்சியின் தாளிலே எழுதப்பட்டாலும் அது யாரோ ஒருவருடைய இறப்புச் சான்றிதழின் முதல் வரி. இனி எவர் கேட்டாலும், “அந்த இடத்துக்கு மாற்று ஆள் வந்து சேர்ந்தாரா?” என்று ஒரே ஒரு கேள்வி கேள். விடை இல்லையென்றால் பேனாவை மூடு.

அப்படியானால் செய்யவேண்டியது என்ன? பெரிய செயல்கள் அல்ல. பிடிவாதமான சிறிய செயல்கள். உன் ஊர்த் துணை சுகாதார நிலையத்துக்கு நாளைக் காலை நடந்து போ. செவிலியரின் பெயரைக் கேட்டு அறிந்துகொள், “அம்மா, இங்கே என்ன குறை?” என்று கேள். தண்ணீர்க் குழாயா, கழிப்பறையா, வாசல் விளக்கா, இரவிலே தனியாக வர அச்சமா—எதுவாக இருந்தாலும் ஊராட்சியிலே தீர்க்கக் கூடியதை ஊராட்சியிலே தீர். செவிலியர் குடியிருக்க வாடகைக்கு வீடு கேட்டால், சாதி கேட்டு வீடு மறுக்கும் தெருவிலே நீ நின்று பேசு. அந்த ஒரு வீடு, நூறு கூட்டத்துக்குச் சமம். பணியிடம் காலியென்றால் எத்தனை நாளாகக் காலி என்று எழுதி, கையெழுத்து வாங்கி, மாவட்ட ஆட்சியருக்குக் கொடு. ஆளுங்கட்சி எதுவாயினும் கொடு. நோயாளி இறந்து கூட்டம் கொதிக்கும்போது கல்லை எடுக்கும் கையைப் பிடித்துக்கொள். மருத்துவரை விரட்டிய ஊருக்கு இன்னொரு மருத்துவர் விரும்பி வருவதில்லை.

படிப்பகத்திலே ஒரு மாலையை இதற்கென ஒதுக்கு. பாம்பு கடித்தால் கத்தியால் கீறாதே, வாயால் உறிஞ்சாதே, கயிற்றால் இறுக்கிக் கட்டாதே, மந்திரிக்கப் போய் மணியை வீணாக்காதே. கடித்த உறுப்பை அசைக்காமல் வைத்து, 108-ஐ அழைத்து, மருந்தும் ஆளும் உள்ள இடத்துக்கு விரைந்து போ—இந்த ஐந்து சொல்லை ஊரார் எல்லாரும் அறியட்டும். மருந்தும் ஆளும் உள்ள இடம் இரவிலே எது என்பதை இப்போதே விசாரித்துச் சுவரிலே எழுதி வை. கடித்த பிறகு விசாரிப்பது காலங் கடந்த கல்வி.

தோழா! நாம் கல்வெட்டுகளிலே பெயர் பொறித்துக் கொண்டது போதும். கட்டடத்தைத் திறந்து வைப்பது ஒரு நாள் வேலை; அதைத் திறந்தே வைத்திருப்பதுதான் ஆட்சி. மேடையிலே அரங்க அமைப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும், நடிகன் வராத நாடகத்துக்கு மக்கள் சீட்டு வாங்கமாட்டார்கள். செவிலியருக்கு நிலையான ஊதியம், மருத்துவருக்கு ஏணி, ஊர்ப் பிள்ளைக்குக் கல்லூரிக் கதவு, தன்னார்வலர் என்று பெயரிடப்பட்ட பெண்ணுக்கு உழைப்பாளி என்ற உரிமை—இந்த நான்கையும் கேள். சட்டமன்றத்திலே கேட்கச் சொல். தெருவிலே நீ கேள். வாக்குக் கேட்டு வருகிறவர் நம்மவரே ஆனாலும், முதலில் அவரைக் கேள்.

இன்றிரவு பன்னிரண்டு மணிக்கு மேல், உன் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் பக்கம் ஒருமுறை போய்வா. உள்ளே விளக்கு எரிகிறதா, விளக்கடியிலே ஒருவர் விழித்திருக்கிறாரா என்று மட்டும் பார். விழித்திருந்தால் ஒரு வணக்கம் சொல்லிவிட்டு வா. இல்லையென்றால், நாளைய உன் வேலை என்னவென்று உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை.